தகரக் கூரையில் ஒளிந்திருக்கும் பெயர்: லூயிஜி கல்வானி

மலையகத்தில் மழை பெய்யத் தொடங்கினால் முதலில் பேசுவது தகரம்தான். லயன் அறைகளின் கூரைத் தகரங்களில் விழும் மழையின் ஓசையைக் கேட்டே அங்கு பல தலைமுறைகள் கண்ணயர்ந்திருக்கின்றன. காற்றுக்குப் பறந்துவிடாதிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைக்கப்பட்ட அத்தகரங்களை ஹற்றன் நகரின் இரும்புக் கடைகளில் கல்வனைஸ் தகரம் என்றே கேட்டு வாங்குவர். கல்வனைஸ் வாளி, கல்வனைஸ் குழாய், கல்வனைஸ் கம்பி என்று தோட்டத்து அன்றாட வாழ்வில் அச்சொல் கலந்துவிட்டது. ஆனால் அச்சொல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருப்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

இத்தாலி நாட்டின் பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்து 1798ஆம் ஆண்டு மறைந்த வைத்தியப் பேராசிரியர் லூயிஜி கல்வானியே அம்மனிதர். இரும்புக்கு நாக முலாம் பூசும் தொழிலுக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. அவர் மறைந்து ஏறக்குறைய 40 ஆண்டுகளின் பின்னர், 1837இல் பிரான்சில் அத்தொழில் முறைக்கு உரிமம் பெறப்பட்டது; அவருடைய பெயரின் அடியாகப் பிறந்த சொல்லே அதற்குச் சூட்டப்பட்டது. பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் கையாளும் கல்வனோமானியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

எனினும் கல்வானி இவ்வுலகுக்கு விட்டுச் சென்ற சொத்து தகரமும் அன்று, மானியும் அன்று. இதயத் துடிப்புக் குன்றிய ஒருவருடைய தோளெலும்பின் கீழே தோலுக்குள் ஒரு சிறு கருவியை வைத்து, அதிலிருந்து செல்லும் மெல்லிய கம்பியின் நுனியை இதயத்தின் உட்சுவரில் பதித்து, நின்றுபோகவிருந்த துடிப்பை வைத்தியர்கள் இன்று மீட்டுத் தருகின்றனரே, அதுவே அவருடைய உண்மையான சொத்து எனலாம். உயிருள்ள உடலுக்குள் மின்சாரம் இயல்பாகவே உண்டு என்று நிறுவ முயன்றவர் அவர். அந்த முயற்சிக்காகத் தம் காலத்தில் தோற்றவராகக் கருதப்பட்டவரும் அவரே. ஆகவே அவரது வாழ்வை இங்கு சற்று விரிவாக நினைவுகூர விரும்புகின்றோம்.

கல்வானி 1737ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 9ஆம் திகதி பொலோஞ்ஞாவில் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். இளமையில் துறவு மடமொன்றில் சேர்ந்து இறை பணியில் ஈடுபடவே அவர் ஆசைப்பட்டார். குடும்பத்தினரின் வற்புறுத்தலுக்கு இணங்கி வைத்தியக் கல்வியை மேற்கொண்டு 1759இல் பட்டம் பெற்றார். எனினும் சமயப் பற்று அவரை இறுதிவரை விட்டகலவில்லை. ஏழை நோயாளரிடம் கட்டணம் பெறாது வைத்தியம் பார்த்தவர் என்றும், பிரசவ வைத்தியத்தில் தனித் தேர்ச்சி பெற்றவர் என்றும் அவரைப் பற்றிக் கூறப்படுகின்றது. உரத்துப் பேசத் தெரியாதவர், வாதிட விரும்பாதவர், ஒரு முடிவை எழுதி வெளியிடுமுன் பத்து முறை சோதித்துப் பார்ப்பவர். இக்குணங்களே பின்னாளில் அவருக்குப் பெருமையையும் இழப்பையும் ஒருங்கே தேடித் தந்தன.

தம்முடைய ஆசிரியர்களுள் ஒருவரான பேராசிரியர் கலியாற்சியின் மகள் லூசியாவைக் கல்வானி மணந்தார். மாமனார் இல்லத்திலேயே குடியேறி, அவருடைய ஆய்வுகளுக்கு உதவி, அவர் 1775இல் மறைந்த பின்னர் அவர் வகித்த உடற்கூற்றுப் பதவியையும் ஏற்றார். லூசியா அக்காலப் பெண்களுக்கு அரிதாகவே கிட்டிய கல்வியைத் தந்தையிடம் பெற்றவர். கணவரின் எழுத்துக்களைத் திருத்திச் செப்பனிட்டதோடு வீட்டிலிருந்த ஆய்வுகூடத்தில் அவருடன் இணைந்து பணியாற்றியவரும் ஆவார். இத்தம்பதியருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. கணவரின் பெருநூல் அச்சேறுவதைக் காணும் பேறும் லூசியாவுக்குக் கிட்டவில்லை. ஈளை நோயினால் அவர் அதற்கு முன்பே காலமானார்.

அக்காலத்தில் மின்சாரம் என்பது சீமான்களின் விருந்து மண்டபங்களில் காட்டப்படும் ஒரு வேடிக்கைப் பொருளாகவே பெரும்பாலும் இருந்தது. கண்ணாடியை உராய்ந்து மின்னேற்றம் உண்டாக்கும் சக்கரப் பொறியும், அம்மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் சாடியும் ஐரோப்பாவின் பல ஆய்வுகூடங்களில் இருந்தன. தசைகள் எதனால் சுருங்குகின்றன என்ற வினாவுக்கோ விடை இருக்கவில்லை. நரம்பினூடாக நுண்ணிய ஆவியொன்று பாய்கின்றது என்ற பழைய நம்பிக்கை தளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆவியின் இடத்தில் மின்சாரம் இருக்கக்கூடுமோ என்று ஒரு சிலர் ஐயுற்றனர். கல்வானி அந்த ஐயத்தைத் தவளைக் கால்களில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினார். பின்னங்கால்கள் இரண்டையும் அவற்றின் நரம்புகளோடும் முண்ணாணின் ஒரு துண்டோடும் சேர்த்துப் பிரித்தெடுத்து, மேசைமீது வைத்து ஆராய்வது அவரது முறை.

1781ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் எதிர்பாராத நிகழ்வொன்று இடம்பெற்றது. மேசைமீதிருந்த தவளையின் நரம்பைக் கத்தியின் நுனி தொட்டுக்கொண்டிருந்த வேளையில், சற்றுத் தள்ளியிருந்த மின்பொறியிலிருந்து தீப்பொறி ஒன்று பறந்தது. அக்கணத்திலேயே தவளைக் கால் உதறித் துள்ளியது. பொறிக்கும் தவளைக்கும் இடையில் எவ்விதக் கம்பித் தொடுப்பும் இருக்கவில்லை. வேறொருவராயின் வியந்து சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். கல்வானியோ அடுத்துவந்த பத்தாண்டுகளை அந்த ஒரு துள்ளலுக்கே அர்ப்பணித்தார்.

பொறியின் தீப்பொறி இதனைச் செய்யுமாயின் வானத்து மின்னலும் செய்ய வேண்டும் அல்லவா? தமது வீட்டுக் கூரையின்மேல் நீண்ட கம்பியொன்றை நிறுத்தி, அதன் கீழ்முனையில் தவளையின் நரம்பைத் தொடுத்து, காலிலிருந்து மற்றொரு கம்பியைக் கிணற்று நீருக்குள் இறக்கினார். இடிமேகம் சூழ்ந்து மின்னல் வெட்டியபோதெல்லாம் தவளைக் கால்கள் துடித்தன. சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடிமழைக்கு அஞ்சிக் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஓடிவரும் எமது தொழிலாளருக்கு இது எத்தகைய ஆபத்தான விளையாட்டு என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1786ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வானம் தெளிந்திருந்த ஒரு நாளில்தான் அவருடைய வாழ்வின் பெருந்திருப்பம் நிகழ்ந்தது. தவளைகளின் முண்ணாணில் பித்தளைக் கொளுக்கிகளைச் செலுத்தி, அவற்றை மாடத்தின் இரும்புக் கிராதியில் தொங்கவிட்டிருந்தார். இடியுமில்லை, மின்னலுமில்லை. காத்திருந்து சலித்த அவர் கொளுக்கியைக் கிராதியோடு அழுத்திப் பார்த்தார், கால்கள் துள்ளின. வீட்டுக்குள் எடுத்துச் சென்று இரும்புத் தட்டொன்றின்மீது வைத்துக் கொளுக்கியைத் தட்டில் அழுத்தினார், அங்கும் துள்ளின. வெளியிலிருந்து எந்த மின்சாரமும் வராத நிலையில் தசை துடிக்கின்றதெனில் அந்த மின்சாரம் தவளைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். தசை என்பது இயற்கை அமைத்த ஒரு லெய்டன் சாடி, நரம்பு அதன் கடத்தி என்பது அவருடைய கொள்கை.

இங்கு நாம் ஒரு கணம் நின்று அந்தக் கொளுக்கியைக் கவனித்தல் தகும். முண்ணாணை ஊடுருவிச் செலுத்தப்பட்ட ஓர் உலோகத் துண்டு. அதன் ஒரு முனை உயிர்த் திசுவைத் தொட்டிருக்கின்றது, மறு முனை வெளியுலகில் நிற்கின்றது. அதனூடாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயத் தசை சுருங்குகின்றது. இதய நோயாளரின் உடலில் இன்று வைக்கப்படும் கம்பிகள் அனைத்தும் இக்கொளுக்கியின் வழித்தோன்றல்களே.

1791ஆம் ஆண்டு, தசை அசைவில் மின்விசையின் பங்கு பற்றிய தமது ஆய்வைக் கல்வானி இலத்தீன் மொழியில் வெளியிட்டார். ஐரோப்பா எங்கும் அந்நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தவளைகள் கிடைத்த இடமெல்லாம் அப்பரிசோதனை மீளச் செய்யப்பட்டது. பாவியா பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியரான அலெசாண்ட்ரோ வோல்ற்றாவும் அவ்வாறு செய்து பார்த்தவர்களுள் ஒருவர். தொடக்கத்தில் அவர் கல்வானியை மனமுவந்து பாராட்டினார். பின்னர் அவருக்கு ஐயம் எழுந்தது. கொளுக்கி பித்தளை, கிராதி இரும்பு. இரு வேறு உலோகங்கள் ஈரப் பொருளொன்றினூடாகத் தொடும்போது அங்கேயே மின்சாரம் பிறக்கின்றது. தவளைக் கால் அதனைக் காட்டிக் கொடுக்கும் கருவியே தவிர அதன் பிறப்பிடம் அன்று என வோல்ற்றா வாதிட்டார்.

கிராதியைப் பொறுத்தமட்டில் வோல்ற்றா கூறியது சரியே. கல்வானி இதனை மறுப்பதற்குப் புதிய பரிசோதனைகளில் இறங்கினார். 1794இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நூலொன்றில், எந்த உலோகத்தையும் பயன்படுத்தாது, வெட்டிய நரம்பின் நுனியைத் தசையின்மீது படவிட்டாலே அது சுருங்குவதாகக் காட்டப்பட்டது. 1795இல் அதிரியாத்திக் கடற்கரைக்குச் சென்று, தொட்டவரை அதிர்ச்சிக்குள்ளாக்கும் மின் திருக்கை மீனை ஆராய்ந்தார். 1797இல் ஒரு தவளையின் நரம்பை மற்றொரு தவளைக் காலின் நரம்போடு தொடவிட்டு, இரண்டும் துடிப்பதைக் காட்டினார். உலோகமே இல்லாத இடத்தில் உலோகத்தைக் காரணம் காட்ட இயலாதல்லவா? உடலுக்குள் மின்சாரம் உண்டு என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இருந்திருக்க முடியாது.

ஆனால் இச்சான்றுக்கு உரிய கவனம் கிட்டுவதற்குள் காலம் மாறிவிட்டது. 1796இல் நெப்போலியனின் படைகள் பொலோஞ்ஞாவுக்குள் நுழைந்தன. அடுத்த ஆண்டு சிசல்பைன் குடியரசு அமைக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் அப்புதிய அரசுக்கு விசுவாசச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. தமது சமய நம்பிக்கைக்கும் மனச்சான்றுக்கும் மாறானது எனக் கருதிய கல்வானி அச்சத்தியத்தைச் செய்ய மறுத்தார். எத்தனையோ பேர் வாயால் சத்தியம் செய்து பதவியைக் காத்துக்கொண்டபோது, பொய்யாக ஒரு வரி உச்சரிப்பதற்கு அந்த அமைதியான மனிதரால் இயலவில்லை. 1798இல் அவருடைய பதவிகள் யாவும் பறிக்கப்பட்டன, வருமானமும் நின்றது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் ஒரே இரவில் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் வழிவந்தோருக்கு, அதிகாரத்தின் ஒரு கையெழுத்து மனித வாழ்வை எவ்வாறு புரட்டிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மலையக மக்கள் எதனையும் மறுத்ததற்காக அந்நிலைக்குத் தள்ளப்படவில்லை. கல்வானியோ மறுக்கும் வாய்ப்பிருந்து மறுத்தவர். இரண்டும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆயினும் உழைத்த இடத்திலேயே அந்நியராக நிற்கும் வேதனை இரு சாராருக்கும் பொதுவானதே.

மனைவியை இழந்து, பதவியை இழந்து, வறுமையுற்ற கல்வானி தம் சகோதரரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். நண்பர்களின் முயற்சியினால், அவருடைய புகழைக் கருதி அவருக்கு மட்டும் விதிவிலக்களித்து மீண்டும் பதவி வழங்க அரசு தீர்மானித்தது. அத்தீர்மானம் நடைமுறைக்கு வருமுன்பே, 1798ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி, தமது 61ஆவது வயதில் அவர் உயிர் நீத்தார். லூசியாவின் அருகிலேயே அவருடைய உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குள், 1800ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வோல்ற்றா உலகின் முதலாவது மின்கலத்தை அறிவித்தார். நாகத் தட்டும் வெள்ளித் தட்டும் மாறிமாறி அடுக்கி, இடையே உப்பு நீரில் நனைத்த துணியை வைத்து அமைக்கப்பட்ட அந்த அடுக்கு, கல்வானியோடு நடத்திய வாதத்திலிருந்தே பிறந்தது. வோல்ற்றா பாரிஸ் நகருக்கு அழைக்கப்பட்டு நெப்போலியனின் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார், பரிசும் பெற்றார், பின்னர் கோமகன் பட்டமும் அவரை வந்தடைந்தது. ஒரே ஆட்சியாளரின் காலத்தில் ஒருவருக்குப் பட்டமும் மற்றவருக்குப் பதவி நீக்கமும் கிட்டியமை வரலாற்றின் விந்தை. வென்றவர் வோல்ற்றா, தோற்றவர் கல்வானி என உலகம் கணக்கை முடித்துக்கொண்டது.

கல்வானியின் புகழுக்கு நேர்ந்த மற்றொரு தீங்கு, அவருக்காகவே போராடியவரால் விளைந்தது. அவருடைய சகோதரி மகன் ஜியோவன்னி அல்தினி, மாமனின் கொள்கையை நிலைநாட்டும் நோக்குடன் ஐரோப்பிய நகரங்களில் காட்சிகள் நடத்தினார். 1803ஆம் ஆண்டு இலண்டனில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவரின் சடலத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது அதன் தாடை துடித்தது; ஒரு கண் திறந்தது; கை உயர்ந்தது. பார்த்தவர்கள் நடுநடுங்கினர். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட பிராங்கென்ஸ்ரைன் நாவலுக்கு இத்தகைய பரிசோதனைகள் பற்றிய பேச்சும் ஒரு தூண்டுதலாக அமைந்தது. அமைதியான ஒரு வைத்தியரின் ஆய்வு பேய்க்கதையாக மாறிப்போனது.

உண்மை வெளிவர நெடுங்காலம் சென்றது. நரம்பிலும் தசையிலும் இயல்பாகவே மின்னோட்டம் உண்டு என்பதை 1840களில் ஜெர்மனியின் எமில் து புவா ரேமோன் அளந்து காட்டினார். அவர் அதற்குப் பயன்படுத்திய கருவி கல்வனோமானி. ஜாவாத் தீவில் பிறந்த ஒல்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்துடிப்பைத் தெளிவாக வரைந்து காட்டியதும் இழைக் கல்வனோமானியின் துணைகொண்டே. வைத்தியசாலைகளில் இன்று ஈ.சீ.ஜீ. எனப்படும் பரிசோதனை அங்கிருந்தே தோன்றியது. 1924இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கிராதியைப் பற்றி வோல்ற்றா கூறியது உண்மை; தவளையைப் பற்றிக் கல்வானி கூறியதும் உண்மை. இருவரும் தத்தம் பாதியில் வென்றவர்களே.

நமது இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுத் தொகுதி உண்டு. நிமிடமொன்றுக்கு 60 முதல் 100 முறை அது மின்துடிப்பை உண்டாக்குகின்றது. அத்துடிப்பு உரிய பாதை வழியே கீழறைகளுக்கு இறங்கும்போது இதயம் சுருங்கிக் குருதியை வெளியே தள்ளுகின்றது. அப்பாதை முதுமையினாலோ நோயினாலோ பழுதுற்றால் கீழறைகள் நிமிடத்துக்கு 30 அல்லது 40 முறை மட்டுமே துடிக்கக்கூடும். சிலவேளை சில கணங்கள் துடிப்பே நின்றுவிடும். மூளைக்குக் குருதி குன்றி மனிதர் மயங்கி விழுவர். கல்வானி தவளையில் கண்ட அதே உண்மையின் மறுபக்கம் இது. உடலின் மின்சாரம் தடைப்பட்டால் உயிர் தடைப்படும். வெளியிலிருந்து அதனைக் கொடுத்தால் உயிர் மீளும்.

கொடுப்பது எவ்வாறு என்பதுதான் வினா. 1920களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மார்க் லிட்வில் என்ற வைத்தியர், துடிப்பின்றிப் பிறந்த சிசுவொன்றின் இதயத்துக்குள் தோலினூடாக ஊசியொன்றைச் செலுத்தினார். நுனி தவிர்ந்த ஏனைய பகுதி மின்காப்பிடப்பட்ட அந்த ஊசியின் வழியாக மின்னோட்டம் கொடுக்கச் சிசு பிழைத்தது. 1952இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் போல் சோல், மார்பின் தோல்மீது தட்டுகளை வைத்தே இதயத்தைத் துடிக்கச் செய்தார். அம்முறை உயிர் காத்ததெனினும் தோலைப் புண்ணாக்கியது. நோயாளி வேதனையில் துடித்தார். தோலைக் கடந்துவர அதிக மின்சாரம் தேவைப்பட்டமையே அதற்குக் காரணம்.

1957இல் மினியாபொலிஸ் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்ற்றன் லில்லிஹை அதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். இதயத் தசையிலேயே மெல்லிய கம்பியைத் தைத்து, அதன் மறுமுனையைத் தோலினூடாக வெளியே கொணர்ந்து கருவியோடு தொடுத்தார். தோலுக்குள் சென்றுவிட்ட கம்பிக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதுமானதாயிருந்தது. கல்வானியின் கொளுக்கி 170 ஆண்டுகளின் பின்னர் மனித இதயத்தை வந்தடைந்தது என்று கூறின் மிகையாகாது. ஆயினும் அக்கருவி சுவரிலிருந்த மின்னிணைப்பை நம்பியே இயங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி அந்நகரில் மின்சாரம் தடைப்பட்டபோது அதன் ஆபத்து அனைவருக்கும் புலனாயிற்று. லில்லிஹையின் வேண்டுகோளின் பேரில் ஏர்ல் பக்கன் என்ற இளம் பொறியியலாளர், டிரான்சிஸ்டரும் பற்றரியும் கொண்டு இயங்கும் சிறு பெட்டியொன்றைச் சில வாரங்களிலேயே செய்து கொடுத்தார்.

தோலைத் துளைத்து நிற்கும் கம்பியின் வழியே கிருமியும் உட்புகும். எனவே கருவியையே உள்ளே வைத்து மூடுவது அடுத்த படியாயிற்று. 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு அவ்வாறு செய்யப்பட்டது. முதற்கருவி சில மணித்தியாலங்களிலேயே பழுதுற்றது, இரண்டாவது வைக்கப்பட்டது. அதன்பின் தம் வாழ்நாளில் 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், தமக்குச் சிகிச்சை செய்த நிபுணரும் கருவியைச் செய்த பொறியியலாளரும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 2001இல் தமது 86ஆவது வயதில் காலமானார். தோலினூடாகச் செல்லும் கம்பிகள் இன்றும் கைவிடப்படவில்லை. திடீரெனத் துடிப்புக் குன்றியவருக்குக் கழுத்து நாளத்தின் வழியே தற்காலிகக் கம்பியைச் செலுத்தி உயிர் காப்பதும், திறந்த இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு மெல்லிய கம்பிகளை வெளியே விட்டுவைப்பதும் வழமையான நடைமுறைகளே.

இவையெல்லாம் நுவரெலியாவிலும் ஹற்றனிலும் உள்ளோருக்கு எவ்வகையில் தொடர்புடையன என்று வாசகர் வினவக்கூடும். 1950ஆம் ஆண்டு லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு, இந்நாட்டுக்கு ஒளியூட்டும் மின்சாரத்தின் கணிசமான பங்கு மலையகத்து ஆறுகளிலிருந்தே பெறப்படுகின்றது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை மலைகள் நீரில் மூழ்கின. பழைய மஸ்கெலியா நகரே மூழ்கியது. ஆனால் அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த லயன்கள் பலவற்றில் நீண்ட காலம் குப்பி விளக்கே எரிந்தது. தன் வாசலில் பிறக்கும் மின்சாரம் தன் வீட்டுக்கு வராத நிலையை அனுபவித்த ஒரு சமூகம், உயிர் காக்கும் மின்சாரத்தின் விடயத்திலும் அதே நிலையில் விடப்படலாகாது என்பதே எமது கரிசனை.

மலையில் கொழுந்து பறிக்கும்போது ஒருவர் மயங்கி விழுந்தால் இரத்தச் சோகை என்போம், வெயில் என்போம், பட்டினி என்போம், சில வீடுகளில் காத்துக் கருப்பு என்று திருநீறு போடுவதும் உண்டு. இவற்றுள் முதல் மூன்றும் பல வேளைகளில் உண்மையாகவே இருக்கும். எனினும் வயது சென்ற ஒருவர் மீண்டும் மீண்டும் காரணமின்றி மயங்கி விழுவாராயின், அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டியதில்லை, பட்டம் வேண்டியதில்லை, விநாடி முள்ளுள்ள ஒரு மணிக்கூடு போதும். எண்ணிக்கை 40க்குக் கீழ் நிற்குமாயின் தாமதமின்றி ஈ.சீ.ஜீ. வசதியுள்ள வைத்தியசாலைக்கு அவரை அனுப்ப வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மயக்கம் தொடருமாயின் வைத்தியரிடம் காட்டுவதே முறை. ஏனெனில் இத்தடை சிலருக்கு வந்து வந்து மறையும் தன்மையது.

தோட்ட வைத்திய சேவைகளை அரசு பொறுப்பேற்கும் பணி பல ஆண்டுகளாகப் படிப்படியாகவே நடைபெற்று வந்துள்ளது. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் அமைக்கப்பட்ட வைத்தியசாலைக் கட்டடத் தொகுதி 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதய நிபுணத்துவச் சிகிச்சையை நாடி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்கும் நோயாளியின் பயணம் எளிதானதன்று. அதற்கும் முன்னர், லயனிலிருந்து பிரதான வீதிவரை உள்ள குண்டும் குழியுமான தோட்டப் பாதை இருக்கின்றது. தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் சம்பளத்துக்காகக் குரல் கொடுப்பதைப் போலவே, ஒவ்வொரு தோட்ட வைத்திய நிலையத்திலும் ஈ.சீ.ஜீ. கருவி, அதனைப் படிக்கத் தெரிந்தவர், நோயாளியை ஏற்றிச் செல்ல வாகனம் என்னும் இம்மூன்றுக்காகவும் குரல் கொடுத்தல் அவசியமாகும்.

பொலோஞ்ஞா நகரின் சதுக்கமொன்றில் 1879ஆம் ஆண்டு முதல் கல்வானியின் சிலை நிற்கின்றது. அவர் வானத்தை நோக்கவில்லை, மக்களையும் நோக்கவில்லை. கையிலுள்ள தட்டில் கிடக்கும் ஒரு தவளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கின்றார். சிறியதொரு துடிப்பைப் பொருட்படுத்தி நின்றமையே அவருடைய பெருமை. அடுத்த வீட்டு முதியவரின் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்க்கும் அக்கறை நமக்கு ஏற்படுமாயின், கூரைத் தகரத்தில் மட்டும் வாழ்ந்து வந்த அப்பெயருக்கு நாம் செய்யும் உரிய மரியாதை அதுவாகவே இருக்கும்.